நிலா விடுப்பு

கனெமுரா பை நிறுவனம் தயாரிப்பது ஒரே ஒரு பொருள்தான். சாம்பல் நிறத்தில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் உள்ளே இருப்பது தெரியாத காகிதப் பை. மருந்துக்கடையில் ஒரு பெண், மாதா மாதம் வாங்கும் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்தால், கடைக்காரப் பெண் கேட்காமலேயே அதை இந்தப் பையில் போட்டு, வாயை மடித்து, நாடா ஒட்டி, அதன் பிறகே மற்ற சாமான்களோடு வைப்பாள். பற்பசைக்குப் பை கிடையாது. மூலத்துக்குத் தடவும் களிம்புக்குக்கூடக் கிடையாது. அந்தப் பொட்டலத்துக்கு மட்டும் உண்டு. அதனால் அவள் என்ன வாங்கினாள் என்பது யாருக்கும் தெரியாது. வரிசையில் பின்னால் நிற்பவர், தெருவில் எதிரே வருபவர், பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எல்லோரும் சாம்பல் பையைப் பார்த்தவுடன், உள்ளே என்னவென்று தெரியாதவர்களாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ஆலை வாசலில் நிறுவனரின் படம் மாட்டியிருந்தது. படத்துக்குக் கீழே அவர் தூரிகையால் எழுதிய இரண்டு கட்டளைகள். உள்ளே தெரியாமல் செய். நின்றுகொண்டே செய். உட்கார்ந்தால் கை தூங்கிவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆகவே ஆலைக்குள் எங்கும் நாற்காலி கிடையாது. ஒன்றே ஒன்று இருந்தது. நிறுவனர் தமக்காகச் செய்துகொண்ட வெளிர்மஞ்சள் தோல் நாற்காலி. இப்போதைய தலைவர், நிறுவனரின் மகன் கனெமுரா, தினமும் காலைக் கூட்டத்தில் அதில் சாய்ந்து உட்கார்ந்து, எதிரே நிற்கும் தொழிலாளிகளிடம் நிற்பதன் மேன்மையைப் பற்றிப் பேசுவார். பேசி முடிந்ததும் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் மாடிக்குப் போவார்கள்.

ஒச்சி மதோகா வெட்டுப் பிரிவில் வேலை செய்தாள். பெரிய சுருளிலிருந்து வரும் காகிதத்தை நீளமான கத்தி பை அளவுக்கு நறுக்கும். நறுக்கிய தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுத்த ஆளுக்குத் தள்ளுவது அவள் வேலை. கத்திக்கும் விரலுக்கும் நடுவே அதிக இடம் கிடையாது. மற்ற நாட்களில் அதைப் பற்றி அவள் யோசித்ததில்லை. மாதத்தின் அந்த முதல் நாளில் மட்டும் இடுப்புக்குக் கீழே யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல் இருக்கும், பார்வை ஓரங்களில் இருட்டும். போன மாதம் அப்படி இருட்டியபோது அவளுடைய சட்டைக் கையின் நுனியைக் கத்தி எடுத்துக்கொண்டு போயிற்று. துணி மட்டும்தான். பக்கத்து இயந்திரத்தில் இருந்த ஷிகெமி அவளைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் துணியோடு நின்றிருக்காது.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். கருப்பைக்கு உள்ளே வளர வேண்டியது வெளியேயும் வளர்ந்திருக்கிறது, மாதா மாதம் அதுவும் சேர்ந்து கசிகிறது, வலிக்காமல் என்ன செய்யும் என்றார். மாத்திரை தந்தார். மருந்து பிடிக்கும்வரை முதல் நாள் கட்டாயம் படுத்திருக்க வேண்டும், கத்தி பக்கமே போகக் கூடாது என்றார்.

மாதத்தில் ஒரு நாள் படுத்துக்கொள்ள வேண்டும். மதோகாவுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

அதற்குச் சட்டத்தில் இடம் இருந்தது. கம்பெனியின் விதிப்புத்தகத்திலும் இருந்தது. சட்டம் வந்த காலத்தில் நிறுவனரே அச்சடித்துச் சேர்த்த விதி. அன்றிலிருந்து அந்த விடுப்பை ஒருத்தியும் கேட்டதில்லை. எங்கள் பெண்கள் அவ்வளவு ஆரோக்கியமானவர்கள் என்று நிறுவனர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மதோகா முதலில் தன் மேற்பார்வையாளர் தகெச்சியிடம் போனாள். தகெச்சி மூன்று பெண்களைப் பெற்றவர், நல்ல மனிதர். அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், தீயணைப்புக் கருவியில் எழுதியிருந்ததை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

"கால்வலின்னு எழுதிக் குடுத்துடுங்க ஒச்சி சான். நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"கால் வலிக்கலையே சார்."

"சளி?"

"சளியும் இல்ல. விதியில இருக்கிற விடுப்பைத்தான் கேட்கிறேன்."

"அந்தச் சொல்லு எழுதின தாள்ல என் முத்திரை விழுந்ததே இல்லம்மா," என்றார் தகெச்சி. அவர் குரலில் உண்மையான பயம் இருந்தது. "வீட்டுல கேட்டா நான் என்ன சொல்றது?"

அவர் அவளைப் பொதுப்பிரிவு மேலாளர் இசோபேயிடம் அனுப்பினார். இசோபே திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனாள் மதோகா. அவரோ எதிரே வந்து வரவேற்றார். மாகாண அரசு, பெண்கள் மலரும் பணியிடம் என்று ஒரு சான்றிதழ் தருகிறது. அது கிடைத்தால் பெரிய மருந்துக்கடைச் சங்கிலிகள் ஆர்டர் தரும். எல்லாத் தகுதியும் கம்பெனிக்கு இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த விடுப்பை யாராவது ஒருத்தியாவது எடுத்திருக்க வேண்டும். இசோபே இரண்டு வருடமாக ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். எவளையும் பார்த்துக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"நீங்களா வந்து கேட்டீங்க பாருங்க," என்று அவர் கண் கலங்கினார்.

மறுவாரமே மென்மைக் குழு அமைக்கப்பட்டது. ஆறு ஆண்கள் உறுப்பினர்கள், தேநீர் ஊற்ற ஒரு பெண். மதோகாவையும் அழைத்து ஓரமாக நிற்க வைத்தார்கள். முதல் கூட்டம் முழுவதும் விடுப்புக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. சட்டத்தில் இருக்கும் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்ட முடியாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பூ விடுப்பு என்றார் ஒருவர். மகரந்த ஒவ்வாமை விடுப்பு என்று நினைத்து வசந்த காலத்தில் ஆண்களும் கேட்பார்கள் என்றார் கணக்குப் பிரிவுக்காரர். சிவப்பு நாள் என்று ஆரம்பித்த ஒருவர் மற்றவர்கள் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்தித் தேநீரைக் குடித்தார். கடைசியில் தலைவருக்கு நிலா பார்ப்பது பிடிக்கும் என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. நிலா விடுப்பு என்று முடிவாகி எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த கூட்டத்தில் நடைமுறை பேசினார்கள். விற்பனைத் தலைவர் நோனகா, நாடெங்கும் போய் இந்தப் பைகளை விற்றவர், முப்பது வருட அனுபவசாலி. அவர் கையை உயர்த்தி ஒரு சந்தேகம் கேட்டார்.

"இதை ஞாயித்துக்கிழமையில வச்சுக்க முடியாதா? நான் அவங்க வசதிக்காகத்தான் கேட்கிறேன்."

அது நம் கையில் இல்லை என்றாள் மதோகா.

"கொஞ்ச நேரம் அடக்கிக்கிட்டா? சாயந்தரம் வண்டி ஏறுற வரைக்கும்?"

அடக்க முடியாது என்று மதோகா சொன்னாள். நோனகா அதை நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முயற்சி இருந்தால் முடியும் என்று தன் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

விடுப்புக்கு மூன்று நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எந்த நாள் என்று தனக்கே முன்கூட்டித் தெரியாதே என்றாள் மதோகா. இசோபே அவளைப் பரிவோடு பார்த்தார். புயலுக்கே மூன்று நாள் முன்பு சொல்லிவிடுகிறார்கள், ஒச்சி சான் தன் உடம்பை இன்னும் கொஞ்சம் அக்கறையாகக் கவனிக்கலாம் என்றார். விண்ணப்பம் அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக, அதைப் போட்டு அனுப்பக் கம்பெனியே தனிப் பை தயாரித்தது. அதே சாம்பல் காகிதம், வெளியே ஒரு நிலா, நிலாவுக்குள் உலக்கை பிடித்து மாவு இடிக்கும் முயல். அந்தப் பை ஏழு மேசைகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொருவரும் பையைத் திறந்து, தாளை வெளியே எடுத்து, முத்திரை வைத்து, திரும்ப உள்ளே போட்டு ஒட்ட வேண்டும். ஏழு பேரைத் தவிர யாருக்கும் தெரியாமல் இருக்க ஏழு முறை ஒட்டப்பட்ட அந்தப் பை, ஆலையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தபோது, வழியில் இருந்த எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"ஏன்டி ஒச்சி, உன் முயல் இப்ப கணக்குப் பிரிவு வரைக்கும் போயிருச்சாம்," என்றாள் ஷிகெமி, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் அந்தப் பிரிவிலேயே மூத்தவள். "நாங்கல்லாம் மாத்திரையை முழுங்கிட்டு நின்னோம். பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும் நின்னேன் நான். எங்களுக்கு ஒரு முயலும் வரல."

"வேணும்னு கேட்டிருந்தா வந்திருக்கும் அக்கா."

"கேட்கிறதா? அப்படிக் கேட்கலாம்னு எங்களுக்கு யாருடி சொன்னா?"

குத்தலாகத்தான் சொன்னாள். ஆனாலும் சொல்லிவிட்டு, ஏற்கெனவே தட்டி அடுக்கிய கட்டையே மறுபடி எடுத்துத் தட்டினாள்.

மதோகா குத்துமதிப்பாக ஒரு நாளைச் சொல்லி வைத்திருந்தாள். உடம்பு அதிசயமாக அதே நாளில் ஒத்துழைத்தது. கணவன் சோயிச்சி காகிதச் சுருள் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். அன்றைக்கு அவனும் லீவு போட்டான். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி அவள் வயிற்றில் வைத்தான். கஞ்சி வைக்கிறேன் என்று அடுக்களைக்குப் போய், அரிசியைப் பாதி தரையில் கொட்டினான். "நீ அசையாதே, நான் பொறுக்கிக்கிறேன்," என்று அவன் அங்கிருந்து குரல் கொடுத்ததைக் கேட்டுக்கொண்டே மதோகா கண்ணை மூடினாள். வேலைக்குச் சேர்ந்தபின் அந்த முதல் நாளில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை. வலி இருந்தது. ஆனால் வலியோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. பழக்கூடையோடு இசோபே நின்றார், பின்னால் புகைப்படக் கருவியோடு மென்மைக் குழுவின் இரண்டு உறுப்பினர்கள். பழக்கூடையைக்கூடப் பெரிய சாம்பல் பைக்குள் வைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். சான்றிதழ் விண்ணப்பத்தோடு, விடுப்பில் இருக்கும் ஊழியர் ஓய்வெடுக்கும் படம் ஒன்று இணைக்க வேண்டும், ஒரு நிமிட வேலை என்றார் இசோபே, செருப்பைக் கழற்றியபடி.

"அவ தூங்கறா," என்றான் சோயிச்சி.

"அதுதான் எங்களுக்கு வேணும்."

சோயிச்சி கோபக்காரன் இல்லை. கூடத்தில் இன்னொரு மெத்தையை விரித்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டான். வெந்நீர்ப் புட்டி அவள் வயிற்றில் இருந்ததால், தலையணை ஒன்றைக் கட்டிக்கொண்டு முழங்காலை மடக்கினான்.

"எடுத்துக்குங்க. முதுகு மட்டும்தானே தெரியணும்?"

இசோபே தயங்கவே இல்லை. வெளிச்சம் சரியில்லை என்று திரைச்சீலையை விலக்கச் சொன்னார். கொஞ்சம் வேதனையாகப் படுக்கச் சொன்னார். அந்தப் படம்தான் இன்றைக்கும் மாகாண அலுவலகத்தில், மலரும் பணியிடத்தில் நிம்மதியாக ஓய்வெடுக்கும் பெண் ஊழியர் என்ற குறிப்போடு இருக்கிறது.

மறுநாள் மதோகா ஒரு பெட்டி இனிப்போடு வேலைக்குப் போனாள். லீவு எடுத்தவர்கள் திரும்பி வரும்போது இனிப்போடு மேசை மேசையாகப் போய், உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன் என்று குனிந்து சொல்ல வேண்டும். ஒகினாவாவில் நீச்சலடித்துவிட்டு வருகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மதோகா சொன்னாள். எல்லோரும் பரவாயில்லை பரவாயில்லை என்றார்கள். நோனகா தனக்குச் சர்க்கரை என்றார். கணக்குப் பிரிவுக்காரர் இப்போதுதான் கை கழுவியதாகச் சொன்னார். இன்னொருவர் மேசையின் கடைசியைக் காட்டி, அங்கே வைத்துவிடுங்கள் என்றார். வைத்தாள். மாலையில் அந்த வழியாகப் போனபோது, அவள் வைத்த இனிப்புகள் ஒவ்வொரு மேசையிலும் வைத்த இடத்திலேயே, உறை பிரிக்காமல் இருந்தன. தகெச்சி மட்டும் ஒன்றைச் சாப்பிட்டார். சாப்பிடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

அவளுடைய வெட்டு இயந்திரத்தின் இரண்டு பக்கமும் சிறு தட்டுகளில் உப்பைக் கூம்பாகக் குவித்து வைத்திருந்தார்கள். சாவு வீட்டிலிருந்து திரும்பினால் தீட்டுப் போகத் தெளிப்பார்களே, அதே உப்பு. யார் வைத்தது என்று மதோகா கேட்டாள். பாதுகாப்புப் பிரிவின் ஏற்பாடு, எல்லோருடைய நன்மைக்காகவும், உங்கள் நன்மைக்காகவும்தான் என்று பதில் வந்தது. நல்ல உப்பு, நாட்டிலேயே உயர்ந்த ரகம் என்றும் சொன்னார்கள்.

மதியம் உணவுக்கூடத்தில் நுழைந்தபோது சமையற்காரர்கள் முதற்கொண்டு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உணவுக்கூடத்திலும் நின்றுதான் சாப்பிடுவார்கள், அதனால் எழுந்து நின்றார்கள் என்பதைவிட நிமிர்ந்து நின்றார்கள் என்று சொல்வதே சரி. ஒவ்வொரு தட்டிலும் சிவப்புப் பயறு போட்டு வேகவைத்த ஒட்டரிசிச் சோறு, மேலே எள்ளும் உப்பும். வீட்டில் பெண் குழந்தை பெரியவளான அன்று அம்மாக்கள் செய்யும் சோறு. மதோகாவுக்கு முப்பத்திரண்டு வயது.

தலைவர் கனெமுராவின் நாற்காலியை உணவுக்கூடத்துக்கே தூக்கி வந்திருந்தார்கள். அவர் அதில் உட்கார்ந்து பேசினார்.

"எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தக் கம்பெனிக்கு இது வந்ததே இல்ல. நேத்திக்கு முதல் முறையா வந்திருக்கு. பெத்தவனுக்கு இருக்கிற சந்தோஷம் எனக்கு இருக்கு. நம்ம கம்பெனி வயசுக்கு வந்துடுச்சு. இதை நாம யாருக்கும் வெளிப்படையா சொல்ல வேண்டாம். ஆனா எல்லாருமா சேர்ந்து கொண்டாடுவோம். பெண்களை மதிக்கிறதுன்னா என்ன? அவங்க விஷயத்தைத் தெரியாத மாதிரி இருக்கிறது. அறுபது வருஷமா நாம தெரியாத மாதிரி இருக்கோம். இந்தத் தொழில்ல நம்மளை மிஞ்ச ஆளில்ல."

எல்லோரும் மதோகாவிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். சொல்லும்போது அவள் தலைக்கு மேலே பார்த்துச் சொன்னார்கள். அவள் சோற்றை வாயில் வைத்தாள். அது உள்ளே இறங்கவில்லை. கழிவறைக்குப் போய்த் துப்பிவிட்டு முகம் கழுவினாள். கண்ணாடியில் பின்னால் ஷிகெமி தெரிந்தாள்.

"தின்னியா?"

"முடியல அக்கா."

"நானும் கொட்டிட்டேன்," என்றாள் ஷிகெமி. "என் பொண்ணுக்கு என் கையால வேகவச்ச சோறு அது. அந்த ஆளு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, எள்ளுத் தூவித் தர்றான்."

அடுத்த மாதம் சான்றிதழ் விழா வைத்தார்கள். அதே வாரத்தில் மதோகாவின் நாளும் வரும் என்பதை அவள் முன்பே தகெச்சியிடம் சொன்னாள். தகெச்சி இசோபேயிடம் சொன்னார். மென்மைக் குழு கூடி, விழாவன்று அது வராமல் பார்த்துக்கொள்ளும்படி ஒச்சி சானைக் கேட்டுக்கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

விழாவன்று விடியற்காலையில் வந்தது. மதோகா இசோபேயைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நிலா விடுப்பு விழாவுல நிலா விடுப்பு எடுத்தா எப்படி ஒச்சி சான்?" என்று அவர் மன்றாடினார். "சான்றிதழை வாங்கறப்ப நீங்க பக்கத்துல நிக்கணும். அதிகாரி உங்களைப் பார்க்கத்தான் வர்றார். தவிர, மூணு நாள் முன்னாடி நீங்க சொல்லவும் இல்ல."

"வந்து நின்னா மயக்கம் வரும் சார்."

"கத்தி பக்கம் நிக்கச் சொல்லலையே. மேடையில கத்தி இல்ல."

சோயிச்சி லாரியை வாசலில் நிறுத்திவிட்டு, போகாதே என்றான். அவளும் போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் இன்றைக்குப் போகாவிட்டால் இந்த விடுப்பே இனி யாருக்கும் கிடைக்காது என்று இசோபே கடைசியாகச் சொல்லியிருந்தார். ஷிகெமியின் கடைசி மகள் அந்த வசந்தத்தில்தான் அதே வெட்டுப் பிரிவில் சேர்ந்திருந்தாள். மதோகா உடை மாற்றினாள். குழு அவளுக்காகத் தைத்துக் கொடுத்த உடை. நிலா நிறம். ஏறக்குறைய வெள்ளை.

மேடையில் தலைவரின் தோல் நாற்காலி நடுவில் இருந்தது. மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி இளைஞர், சிரித்த முகம். அவருக்கு மரியாதையாகத் தலைவர் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். வழக்கமாக உட்கார்ந்து பேசும் பேச்சை நின்றுகொண்டு பேசியதால் எங்கே முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நிறுவனர் பட்ட கஷ்டம், காகிதக் கூழின் தரம், பெண்மை, நிலா, மறுபடி காகிதக் கூழ் என்று போயிற்று. மதோகா அவருக்குப் பின்னால் நின்றாள். இடுப்புக்குக் கீழே துணியைப் பிழிகிறவர்கள் இப்போது இரண்டு பேராகியிருந்தார்கள். பார்வை ஓரங்களில் இருட்டு வந்தது. விழுந்தால் மேடை விளிம்பில் தலை அடிபடும் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி.

அவள் உட்கார்ந்தாள்.

இசோபே கீழே இருந்து, எழுந்திருங்க என்று உதட்டை அசைத்தார். நோனகா இரண்டு கையாலும் மேலே தூக்குவதுபோல் காட்டினார். தலைவர் திரும்பிப் பார்த்து, வாய் திறந்தபடி நின்றார். அதிகாரி இளைஞர் மட்டும் நெகிழ்ந்துபோனார். ஒரு தொழிலாளிப் பெண்ணை நிறுவனத்தின் உயர்ந்த ஆசனத்தில் உட்கார வைத்து, தலைவர் நின்றுகொண்டிருக்கிற காட்சியை வேறு எந்த விழாவிலும் தான் பார்த்ததில்லை என்று சொல்லிக் கைதட்ட ஆரம்பித்தார். அதிகாரி தட்டும்போது மற்றவர்கள் தட்டாமல் இருக்க முடியாது. கூடமே தட்டியது. தலைவரும் தட்டினார்.

அதிகாரி ஒலிவாங்கியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். நிலா விடுப்பைப் பற்றி உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்.

இசோபே எழுதிக்கொடுத்த தாள் அவள் சட்டைப் பையில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"எனக்கு மாதவிடாய்," என்றாள் மதோகா. ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. "இன்னைக்கு முதல் நாள். ரத்தம் போகுது. படுக்கணும்னு விடுப்பு கேட்டேன், மாதவிடாய் விடுப்புக்கு விழா இருக்கு, வந்து நில்லுன்னாங்க. நின்னேன். இதுக்கு மேல முடியல. நான் வீட்டுக்குப் போறேன்."

ஒலிவாங்கியை நாற்காலியின் கைப்பிடியில் வைத்துவிட்டு எழுந்தாள். வெளிர்மஞ்சள் தோலில் உள்ளங்கை அளவுக்கு ரத்தம் இருந்தது. அவளுடைய நிலா நிற உடையிலும் இருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். பயிற்சி அப்படி. அந்தச் சில நொடிகளில், மேடையிலிருந்து வாசல்வரை, அவள் யாருடைய பார்வையும் இல்லாமல் நடந்தாள். ஷிகெமி மட்டும் வரிசையிலிருந்து வெளியே வந்தாள். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி, பழக்கத்தில் மதோகாவின் இடுப்பில் கட்டப் போனாள். கட்டவில்லை. அவள் நடுங்கிக்கொண்டிருந்ததால் தோளில் போர்த்திவிட்டாள்.

"போ. போய்ப் படு," என்றாள். "எம் பொண்ணுக்கு நாளைக்கு வரும்போல. நானே அந்த ஆளுகிட்ட சொல்லிக்கிறேன், உன் வார்த்தையையே."

ஆலை வாசலில், அவளைக் கொண்டுவந்து விட்ட லாரி அப்படியே நின்றது. சோயிச்சி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அவள் ஏறுவதற்கு முன்பே இருக்கையின் மேல் வெந்நீர்ப் புட்டி இருந்தது.

முதலில் அசைந்தவர் இசோபே, கீழே இருந்து மேடைக்கு ஏறினார். கண்காட்சிக்காகச் செய்து வைத்திருந்த ஆள் உயர முயல் பை ஓரத்தில் நின்றது. அதை எடுத்து நாற்காலியின் மேல் கவிழ்த்து, அடியில் நாடா ஒட்டினார். ஒலிபெருக்கியில் ஏற்பட்ட கோளாறுக்கு மன்னிப்புக் கேட்டார். சான்றிதழ் வழங்கப்பட்டது.

மதோகா இப்போது அந்த முதல் நாளில் வேலைக்குப் போவதில்லை. காலையில் தகெச்சியைக் கூப்பிட்டு அந்தச் சொல்லைச் சொல்கிறாள். அவர் சரி சரி என்று வைத்துவிடுகிறார். ஷிகெமியின் மகளும் சொல்கிறாள். முயல் பை எந்த மேசைக்கும் வருவதில்லை. ஏன் மூன்று நாள் முன்பே சொல்லவில்லை என்று கேட்க வேண்டுமென்றால், கேட்கிறவர் அந்தப் பேச்சை நீட்ட வேண்டும், அவர்கள் மறுபடியும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடக்கூடும். எனவே யாரும் கேட்பதில்லை.

நாற்காலிதான் சிக்கலாயிற்று. அதைத் துடைக்கச் சொன்னால், என்ன கறை என்று துப்புரவு ஒப்பந்தக்காரர் எழுத்தில் கேட்டார். புது நாற்காலி வாங்கலாம் என்றால், பழையதை ஒதுக்கும் காரணத்தை எழுதி ஏழு முத்திரை வாங்க வேண்டும். தேய்மானம் என்று எழுதினார் இசோபே. தோல் நாற்காலிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்று கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பியது. விபத்து என்று எழுதினார். யாருக்குக் காயம் என்று பாதுகாப்புப் பிரிவு கேட்டது. அதற்குமேல் யாரும் எழுதவில்லை. வேறு நாற்காலி எதுவும் ஆலைக்குள் நுழைய நிறுவனரின் கட்டளை இடம் கொடுக்கவில்லை. நாற்காலி முயல் பைக்குள், இரண்டு பக்கமும் உப்புக் கூம்புகளோடு, சான்றிதழுக்குக் கீழே இருக்கிறது. அந்த வழியாகப் போகிறவர்கள் உள்ளே என்னவென்று தெரியாதவர்களாக வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

தலைவர் காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டே பேசுகிறார். பேச்சு மிகவும் சின்னதாகிவிட்டது. அவருக்கு எழுபது வயது, முழங்கால் வீங்கியிருக்கிறது. மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், கூட்டம் கலைந்தபின், சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இசோபே."

"சொல்லுங்க தலைவரே."

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது இல்ல?"

"நம்ம பை தலைவரே. யாருக்கும் தெரியாது."

"அப்படின்னா பையைப் பிரிச்சுட்டு நான் உட்காரலாமே."

இசோபே தீயணைப்புக் கருவியில் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். தலைவர் காலை மாற்றி நின்றார்.